தேதிச் சீட்டு

என் தமக்கை மகள் நூலகப் படிப்புப் படிக்கிறாள். ‘நூலகம் மற்றும் தகவல் அறிவியல்’ என்று அதற்கு நீளமான பெயர். இரண்டு வருஷம் படித்தால் முதுகலைப் பட்டம். சென்ற கோடையில், எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஒரு மாதம் பயிற்சி என்று சொல்லிக்கொண்டு வந்து இறங்கினாள். அவள் வீட்டில் அப்போது வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் தன் பாடக் குறிப்புகளையெல்லாம் ஒரு துணிப்பையில் போட்டு என் மேஜைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். கண்ணெதிரே காகிதம் கிடந்தால் படிக்காமல் இருக்க என்னால் முடியாது. மளிகைக் கடைப் பொட்டலத்தையே பிரித்துப் படிக்கிறவன் நான். நாலு நாளில் அந்தப் பையைக் காலி செய்துவிட்டேன்.

நான் கல்லூரியில் இரண்டாம் வருஷத்தோடு நின்றவன். பட்டம் வாங்காதவனுக்குப் பட்டப் படிப்புகளின்மேல் கொஞ்சம் பொறாமையும் கொஞ்சம் ஏளனமும் இருக்கும். பொறாமையை வெளியே சொல்ல முடியாது. ஆகையால் ஏளனத்தைத்தான் சொன்னேன். “புஸ்தகத்தை எடுத்துக் கொடுக்கவும் திரும்ப வாங்கி வைக்கவும் இரண்டு வருஷமா?” என்றேன்.

“நாவல் எழுத நீங்க எத்தனை வருஷம் படிச்சீங்க மாமா?”

“அதற்குப் படிப்பே கிடையாது.”

“அது தெரியறது” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

என் ஏளனத்துக்கு ஒரு காரணம் இருந்தது. 1991ஆம் வருஷம் எனக்குப் பதின்மூன்று வயது. எங்கள் கிளை நூலகம் அரிசி மில்லுக்குப் பக்கத்தில் ஒரு வாடகைக் கட்டடத்தில் இருந்தது. ஒரே அறை. புஸ்தகங்களின்மேல் எப்போதும் தவிட்டுத் தூசி படிந்திருக்கும். அங்கே இருந்த நூலகர் பொடி போடுகிறவர், அதிகம் பேசமாட்டார். எந்த அலமாரியில் வேண்டுமானாலும் நான் கையை வைக்கலாம். எடுத்துக்கொண்டு போய் நீட்டினால், புஸ்தகத்தின் பெயரைக்கூடப் பார்க்காமல், கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் தேதி முத்திரையைக் குத்திக் கொடுத்துவிடுவார்.

ஒரு நாள் என் தகப்பனார் அங்கே வந்தார். நான் அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. “என் பையன் இங்கே வந்து என்ன எடுக்கிறான்?” என்று கேட்டார். என் தகப்பனார் கேட்டால் கேட்ட கேள்விக்குப் பதில் வந்தாக வேண்டும், அப்படிப்பட்ட மனிதர். நூலகர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “புஸ்தகந்தான் சார் எடுக்கிறான்” என்றார். அப்பா ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். அன்று என் பையில் இருந்த நாவல் பதின்மூன்று வயதுக்கு ஏற்றதல்ல. அது நூலகருக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். அப்புறமும் அவர் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனந்தான் பிற்பாடு என்னை எழுதவைத்தது என்று சொல்வது கொஞ்சம் மிகையாக இருக்கும். ஆனால் முழுப் பொய்யாகவும் இராது.

அவர் போன பிறகு வேறொருவர் வந்தார். புதுப் புஸ்தகங்களைக் கண்ணாடி பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். தமக்குப் பிடித்தவர்கள் வந்தால் பீரோ திறக்கும். என்னைப் பார்த்தால், “இதெல்லாம் உனக்கு எதுக்கு?” என்பார். அதே அறை, அதே சம்பளம், அதே சர்க்கார் விதிகள். ஒருவர் குணம் அப்படி, மற்றவர் குணம் இப்படி. ஆகவே இது குணத்தைச் சேர்ந்த விஷயம், பாடமாக வைத்துச் சொல்லிக் கொடுக்க இதில் ஒன்றுமில்லை என்று முடிவு கட்டியிருந்தேன். குணத்தைப் பரீட்சைக்கு உட்படுத்தி மார்க்குப் போட முடியுமா?

இந்த முடிவோடுதான் பையைப் பிரித்தேன். முதல் கட்டு சரித்திரம். இந்தத் தொழிலுக்கு முதல் பள்ளிக்கூடத்தை 1887இல் நியூயார்க் கொலம்பியா கல்லூரியில் மெல்வில் டியூயி திறந்தாராம். பெண்களைச் சேர்த்துக்கொண்டார் என்பதற்காகக் கல்லூரி நிர்வாகிகள் வகுப்பறை தர மறுத்துவிட்டார்கள். கிடங்காகக் கிடந்த ஓர் அறையை ஒழித்து வகுப்பு நடத்தினார். படித்தபோது எனக்கு அவர்மேல் மதிப்பு உண்டாயிற்று. அடுத்த பக்கத்தில் அது போயிற்று. அவர் நடத்திய உல்லாசச் சங்கத்தில் யூதர்களுக்கு இடமில்லை. பெண்களிடம் அவர் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி அந்தக் காலத்திலேயே புகார்கள் எழுந்தன. அமெரிக்க நூலகச் சங்கம் தன்னுடைய பெரிய விருது ஒன்றுக்கு வைத்திருந்த அவர் பெயரை 2019இல் எடுத்துவிட்டது. ஆனால் அவர் 1876இல் போட்ட எண்கள் மட்டும் உலகத்தில் எத்தனையோ நூலகங்களின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. குணம்தான் எல்லாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவனுக்கு இது ஓர் இடறல்.

அடுத்தவர் நம் ஊர்க்காரர். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக வந்தவர், சில நாளிலேயே அலுத்துப்போய், தம்மைத் திரும்பவும் வகுப்பறைக்கே அனுப்பிவிடும்படி கேட்டிருக்கிறார். லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வா, பிறகு பார்க்கலாம் என்று அனுப்பினார்கள். போனார், பல நூலகங்களைப் பார்த்தார், ஒரு கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைக் கண்டார். துளையிட்ட தகடுகளையும் திருகாணிகளையும் சேர்த்துச் சேர்த்து எத்தனையோ உருவங்கள் செய்யலாம் அல்லவா? அதிலிருந்து ஒரு பகுப்பு முறையே பிறந்துவிட்டது. 1929இல் சென்னையில் நூலகப் பயிற்சி வகுப்பு ஆரம்பமாகக் காரணமாக இருந்தார். 1931இல் அவருடைய ஐந்து விதிகள் புத்தகமாக வந்தன.

ஐந்து விதிகளையும் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். புத்தகம் இருப்பது பயன்படுவதற்கு என்று தொடங்கி, நூலகம் வளர்கிற உயிர் என்று முடியும். குழந்தைக்குக்கூட விளங்கும். இத்தனை எளிமையான விஷயத்தை ஒரு கணித ஆசிரியர் ஏன் விதி என்று எழுதிவைக்க வேண்டும்? இரண்டு மூன்று நாள் இது என்னை விடவில்லை. பிறகு பீரோச் சாவியை இடுப்பில் செருகியிருந்த மனிதர் நினைவுக்கு வந்தார். பொடி போட்டவருக்கு விதி வேண்டியதில்லை. விதி இந்த இரண்டாமவருக்காகத்தான் எழுதப்பட்டது. நல்ல குணம் இல்லாதவன் கையிலும் ஒரு பையனுக்குப் புத்தகம் கிடைக்க வேண்டும். அதற்கு ஏதாவது ஒன்று எழுத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவது கட்டு பகுப்பு. இதில்தான் எனக்கும் அவளுக்கும் சண்டை. ஒரு புத்தகத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல இவர்கள் யார் என்று கேட்டேன். “நாங்க தீர்ப்புச் சொல்றதில்லே மாமா. இடந்தான் சொல்றோம்” என்றாள். பதில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இடம் சொல்வது தீர்ப்பு ஆகாதா? கல்யாணப் பந்தியில் இலை போடுகிறவனைக் கேட்டால் தெரியும். டியூயியின் எண்களில் மதத்துக்கு 200 முதல் 299 வரை. அதில் 289 வரை பெரும்பகுதி கிறிஸ்தவத்துக்கு. உலகத்தில் உள்ள மற்றச் சமயங்களெல்லாம் 290க்குள் ஒண்டிக்கொள்ள வேண்டும். இந்து சமயம் 294.5; இஸ்லாம் 297. இலக்கியத்தில் ஆங்கிலத்துக்கு 820 என்று அகலமான வீடு. தமிழ் இலக்கியம் 894.811. துருக்கி, ஹங்கேரி, பின்லாந்து மொழிகளும் அந்த 894இல்தான் குடியிருக்கின்றன. பின்லாந்தில் எந்த நாவலாசிரியராவது என்னைத் தம் பக்கத்து வீட்டுக்காரர் என்று தெரிந்துவைத்திருக்கிறாரோ என்னவோ.

இதைச் சொன்னதும் அவள் ரங்கநாதனின் பட்டியலை எடுத்துக் காட்டினாள். அதில் தமிழுக்கு 31. இரண்டே இலக்கம். ஆங்கிலத்துக்கு 111. “எங்க உக்காந்து எழுதறோமோ, அங்கேருந்து பார்த்தா பக்கத்துல இருக்கறது பெரிசாத் தெரியும். வகுப்புல முதல் வாரமே இதைத்தான் சொல்லிக்கொடுத்தாங்க” என்றாள். அதாவது, தீர்ப்புச் சொல்வதில்லை என்று இவள் சொன்னது ஒரு சங்கல்பம். முற்றாக நிறைவேற்ற முடியாது என்று தெரிந்தே எடுத்துக்கொண்ட சங்கல்பம். நான் சும்மா இருந்துவிட்டேன்.

பயிற்சியின் இரண்டாவது வாரத்தில்தான் விபரீதம் வந்தது. நான்காவது கட்டின் பெயர் களையெடுப்பு. ஆங்கிலத்திலும் அவர்கள் வீடிங் என்றுதான் சொல்கிறார்கள். புத்தகம் வாங்கிக்கொண்டே இருந்தால் இடம் போதாது. ஆகவே வேண்டாதவற்றைக் கழிக்க வேண்டும். எது வேண்டாதது? டெக்ஸஸ் மாநில நூலகம் இதற்கென்று ஒரு கையேடே போட்டிருக்கிறது. தவறான தகவல் தருவது, அழுக்கும் கிழிசலுமானது, புதிய பதிப்பு வந்துவிட்டது, அற்பமானது, அந்த ஊருக்குச் சம்பந்தமில்லாதது, வேறிடத்தில் கிடைப்பது என்று ஆறு காரணங்கள். இவற்றின் ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்தால் ‘மஸ்டி’ என்று வரும். மக்கிப்போனது என்று தொனிக்கும்படி அமைத்திருக்கிறார்கள். இதோடு பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் எடுத்த ஒரு கணக்கும் இருந்தது. 1969இல் அந்த நூலகம் வாங்கிய புத்தகங்களில் நூற்றுக்கு நாற்பது வாக்கில், 1975 முடியும் வரை ஒரு தடவைகூட யாராலும் எடுத்துச் செல்லப்படவில்லை. 1979இல் இந்தக் கணக்கு வெளியானது. எழுதிப் பிழைக்கிறவன் இரவில் படிக்கத் தகுந்த செய்தி அல்ல.

அவளுக்குக் கொடுத்த வேலை இது: எங்கள் கிளை நூலகத்தில் கழிக்கத் தகுந்தவையாக நூறு புத்தகங்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் காரணம் எழுத வேண்டும். ஒரு சாயங்காலம் பட்டியலோடு வந்தாள். காப்பியைக்கூடத் தொடாமல், “மாமா, அறுபத்து மூணாவது நம்பரைப் பாருங்க. வேற யார் மூலமாவது உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுதான் நானே சொல்றேன்” என்றாள்.

அறுபத்து மூன்றாவது புத்தகம் என் முதல் நாவல். ‘கடைசியாக எடுக்கப்பட்டது 2014. முதுகு கிழிந்தது. மாவட்ட மைய நூலகத்தில் பிரதி உண்டு.’

எனக்கு வந்த கோபத்தை இங்கே அப்படியே எழுதினால் என்னைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் எண்ணம் குறையும். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை என்பது மட்டும் என் பக்கம். “சரியாத்தான் எழுதியிருக்கே” என்றேன். அன்று இரவு தூங்கவில்லை. தமக்கை மகளே இப்படி என்ற எண்ணம் ஒரு பக்கம். அவள் அதை எடுக்காமல் விட்டிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும் என்ற எண்ணம் இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் போனதும் எனக்கே வெட்கமாக இருந்தது. இடுப்பில் சாவி செருகியவரும் இதைத்தானே செய்தார்? வேண்டியவர்களுக்குப் பீரோவைத் திறந்தார்.

என் சொந்த வருத்தத்தைத் தள்ளிவைத்தாலும் கேள்வி அப்படியே நின்றது. இன்று வருகிற வாசகனுக்கு இடம் வேண்டும் என்பதற்காக, நாளை வரப்போகிறவனுடைய புத்தகத்தை எடுத்து எறியலாமா?

எறியக் கூடாது என்பதற்கு என்னிடம் சாட்சிகள் உண்டு. மெண்டல் என்ற பாதிரியார் பட்டாணிச் செடிகளை வைத்துச் செய்த ஆராய்ச்சியை 1866இல் ஓர் ஊரின் இயற்கை விஞ்ஞானச் சங்கம் தன் சஞ்சிகையில் அச்சிட்டது. ஐரோப்பாவில் பல நூலகங்களுக்கு அது போயிற்று. அதன் அருமையைப் பெரும்பாலும் யாரும் உணரவில்லை. 1900இல் மூன்று பேர் தனித்தனியே அதைத் தேடிக்கொண்டு வந்தார்கள். முப்பத்து நாலு வருஷம். தேதிச் சீட்டைப் பார்த்துக் கழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவ்வளவு தூரம் போவானேன்? 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் சிந்தாமணியைப் படித்திருக்கிறீர்களா என்று கேட்டபோது, உ. வே. சாமிநாதையர் அது வரையில் அதைப் படித்ததில்லை. ஏடு எங்கேயோ பரணில் கிடந்தபடியால் 1887இல் அச்சில் வந்தது. கிடக்காமல் போன ஏடுகளும் உண்டு. செல்லரித்துப்போன ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டுவிட்டார்கள் என்று அவர் போன இடத்தில் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் துஷ்டர்கள் அல்ல. அதை ஒரு புண்ணிய காரியமாக, முறைப்படி செய்தார்கள்.

இதையெல்லாம் மறுநாள் அவளிடம் சொன்னேன். கொஞ்சம் கனமாகவே சொன்னேன். அவள் முழுவதும் கேட்டுக்கொண்டாள். “நம்ம நூலகத்துக்கு என்னோட ஒரு தடவை வாங்க மாமா” என்றாள்.

போனேன். உள்ளூர் எழுத்தாளர் என்று பெயர் வாங்கிய பிறகு ஆண்டு விழாவுக்கும் பொன்னாடைக்கும்தான் அங்கே போயிருக்கிறேன். அலமாரிகளுக்குப் பின்னால் போய் வருஷக்கணக்காகிவிட்டது. பின்பக்கத்து அறையில் கூரை வரை மூட்டைகள். சணல் கயிற்றால் கட்டிப் போட்ட புத்தகங்கள். இடமில்லாததால் கட்டியவை. எதற்குள் எது இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. அடிமூட்டைகளைக் கறையான் மண்ணாக்கியிருந்தது. முன்பக்கத்தில், போட்டித் தேர்வுக்குப் படிக்க வரும் பிள்ளைகள் நாற்காலி கிடைக்காமல் படியில் உட்கார்ந்திருந்தார்கள்.

“ஒண்ணையும் தூக்கிப்போட மனசு வராம இருபது வருஷமாக் காப்பாத்தியிருக்காங்க” என்றாள் அவள். கேலியாகச் சொல்லவில்லை.

வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்த 1948லிருந்து அதற்கு வழி ஏற்பட்டிருக்கிறது. கட்டுகிறவன் உயிரோடிருக்கிறவன். படியில் உட்கார்ந்திருக்கும் பையனும் உயிரோடிருக்கிறவன். இன்னும் பிறக்காத வாசகனுக்காக நான் வாதாடுவது சுலபம். அவன் வந்து நாற்காலி கேட்கப்போவதில்லை. ஆனால் களை என்பதும் பயிரின் பக்கம் நின்று சொல்கிற வார்த்தைதானே. எங்கள் பக்கத்து வயல்களில் பொன்னாங்கண்ணி முளைத்தால் களை; அதையே கூடையில் கொண்டுவந்து வாசலில் விற்றால் கீரை. இப்படி இரண்டு பக்கமும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு என்னைப் போல் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. ஆறு காரணங்களில் கடைசிக் காரணத்தை அவள் நம்பவில்லை. வேறிடத்தில் கிடைக்கும் என்று எழுதுவது மிகவும் எளிது. இந்த நூலகம் அந்த நூலகத்தில் இருக்கிறது என்று கழிக்கும்; அந்த நூலகம் இந்த நூலகத்தில் இருக்கிறது என்று கழிக்கும். கணினியில் இருக்கிற அட்டவணையைப் பார்த்து எழுதினால் போதும் என்றுதான் அவளுடைய ஆசிரியர் சொல்லியிருந்தார். இவள் இரண்டு நாள் பஸ் ஏறி மாவட்ட மைய நூலகத்துக்குப் போய், ஒவ்வொரு புத்தகத்தையும் அலமாரியில் கண்ணால் பார்த்து வந்தாள். அட்டவணையில் இருந்து அலமாரியில் இல்லாதவை பதினேழு. அந்தப் பதினேழையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு வேறு பதினேழு தேடினாள். அப்படித் தப்பியவற்றில் ஒன்று, எங்கள் தாலுக்கா வாய்க்கால்களையும் ஏரிகளையும் பற்றி ஒரு பள்ளிக்கூட வாத்தியார் தம் செலவில் அச்சிட்ட நாற்பது பக்கச் சிறு புத்தகம். அதன் தேதிச் சீட்டில் ஒரு முத்திரைகூட இல்லை.

என் நாவல் தப்பவில்லை. மைய நூலகத்தில் இரண்டு பிரதி என்று அட்டவணை சொல்லிற்று, ஒன்று காணவில்லை, மற்றொன்று இருந்தது. ‘ஒரு பிரதி, நேரில் கண்டேன்’ என்று காரணத்தைத் திருத்தி எழுதினாள்.

இந்தப் பஸ் பிரயாணம் குணமா, பாடமா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. போகச் சொல்லிப் பாடத்தில் இல்லை. ஆனால் தன் அபிப்பிராயத்தைச் சந்தேகப்படு என்று இரண்டு வருஷம் தினமும் சொல்லிக் கொடுத்தால், நடுத்தரமான குணமுள்ள ஒருத்திகூட ஒரு நாள் பஸ் ஏறிவிடலாம் என்று தோன்றுகிறது. பொடி போட்ட நூலகருக்கு உடம்பு சரியில்லாத நாள், கடன்காரன் வந்துபோன நாள் என்று இருந்திருக்கும். அன்றைக்கும் அவர் அப்பாவிடம் அதே பதிலைச் சொல்லியிருப்பாரா? நான் அவரிடம் அதிர்ஷ்டசாலியாக இருந்தேன், அவ்வளவுதான்.

அவரைப் பற்றி நினைத்தபோது ஒன்று கேட்டேன். “2014இல் என் நாவலைக் கடைசியாக எடுத்தது யார் என்று பதிவேட்டில் இருக்குமே?”

“இருக்கும். சொல்லக்கூடாது மாமா.”

வாசகன் என்ன எடுத்தான் என்பதை வெளியே சொல்லக் கூடாதென்று அமெரிக்க நூலகர்களின் 1939ஆம் வருஷ ஒழுக்க விதிகளிலேயே இருக்கிறதாம். நான் அவளுடைய தாய்மாமன். புத்தகத்தை எழுதியவன். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவள் அசையவில்லை. “புஸ்தகந்தான் சார்” என்று சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். பட்டியல் கல்லூரிக்குப் போக இன்னும் பத்து நாள் இருந்தது. அவள் மறுபடியும் மைய நூலகத்துக்குப் போயிருந்த ஒரு காலை, நான் கிளை நூலகத்துக்குப் போய், என் தமக்கையின் உறுப்பினர் அட்டையைக் கொடுத்து, என் நாவலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பணியில் இருந்தவர் அட்டையைப் பார்த்தாரே தவிர என் முகத்தைப் பார்க்கவில்லை. சீட்டில் முத்திரை விழுந்தது. 2014க்குக் கீழே புதிதாக ஒரு தேதி.

இது மோசடியா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். நூலகத்தில் புத்தகம் எடுப்பது குற்றமல்ல. தன் புத்தகத்தைத் தானே எடுக்கக் கூடாதென்று எந்த விதியும் இல்லை. ஆனால் அந்த முத்திரைக்கு ஒரு பொருள் உண்டு: யாரோ ஒருவர் இதைப் படிக்க விரும்பினார் என்பது. அதற்குப் பொய்ச் சாட்சி சொல்ல வைத்துவிட்டேன் என்று பட்டது. அதை ஈடு செய்வதற்கு ஒரே வழிதான் இருந்தது. அன்று மத்தியானம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, நான் எழுதிய நாவலை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன். அச்சாகி வந்த பிறகு நான் அதை ஒரு தடவைகூட முழுவதும் படித்தவனில்லை.

சாயங்காலம் அவள் வந்தாள். மேஜைமேல் புத்தகத்தைப் பார்த்தாள். எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். சீட்டைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். சிரித்திருந்தால்கூடத் தேவலை. புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, பையிலிருந்து பட்டியலை எடுத்து அறுபத்து மூன்றாவது வரியை அடித்தாள்.

“நான் எடுத்ததைக் கணக்கில் சேர்க்காதே. உனக்கே தெரியுமே” என்றேன்.

“சேர்க்கணும் மாமா. எடுத்தது யாருன்னு நாங்க பார்க்கக் கூடாது” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “எது வரைக்கும் படிச்சிருக்கீங்க?” என்று கேட்டாள்.

“நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.”

“பதினெட்டாந் தேதிக்குள்ளே திருப்பிக் கொடுக்கணும்” என்று சொல்லிவிட்டு, அடித்த இடத்துக்கு வேறொரு புத்தகம் தேடவேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே விளக்கைப் போட்டாள்.